வழிந்தோடும் குழாயை அடைப்பது தீர்வன்று

மோட்டார் சைக்கிளில் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரின் அடியில் தொங்கும் சிறிய இறப்பர் குழாயால் பெற்றோல் சொட்டினால், அதன் நுனியைத் திருகாணியால் அடைத்துவிட்டால் போதும் என்று ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான ஆலோசனையாகும். அந்தக் குழாய் ஒழுக்கின் காரணமன்று. காபரேட்டரில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தில் அளவுக்கு மீறி நிரம்பும் பெற்றோலை எஞ்சினுக்குள் போகவிடாமல் வெளியேற்றுவதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதை அடைத்தால், மிஞ்சும் பெற்றோல் காற்று உள்ளிழுக்கும் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஒயிலுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும்.

உண்மையான பழுது பெரும்பாலும், கிண்ணத்திலுள்ள மிதவை உயர்ந்ததும் பெற்றோல் வரும் துளையை மூடும் மிதவை ஊசியில்தான் இருக்கும். ஊசியின் நுனி தேய்ந்திருக்கலாம், அல்லது டாங்கியிலிருந்து வந்த துரு அது அமரும் துளையில் சிக்கியிருக்கலாம். (கிழக்கிலங்கையின் கல்லடி, கல்முனைக் கரையோரத்து உப்புக் காற்றில் டாங்கி துருப்பிடிப்பதைச் சொல்லவும் வேண்டுமா?) எனவே டாங்கியின் அடியிலுள்ள வால்வை மூடிவிட்டு, கிண்ணத்தைக் கழற்றித் துப்புரவு செய்து, தேய்ந்த ஊசியை மாற்ற வேண்டும், மிதவைக்குள் பெற்றோல் புகுந்திருக்கிறதா என்று குலுக்கியும் பார்க்கலாம். டாங்கியில் துரு இருக்கும்வரை புதிய ஊசியும் நிலைக்காது. ஒயிலில் பெற்றோல் மணந்தால், ஒயிலை மாற்றாமல் எஞ்சினை இயக்கவே கூடாது.

பழுது தீரும்வரை, நம் பக்கத்து வழக்கப்படி இரவில் வண்டியை விறாந்தையில் ஏற்றி வைக்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, சாமி விளக்கையோ அடுப்பையோ எட்டிவிடும்.