பால் பத்துதா என்று கேட்காதீர்கள்

பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறார்கள். "பால் பத்துதா? பிள்ளை ஏன் இப்படி அழுது?" நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் தையல் வலியோடு, தூக்கமில்லாமல், மார்பு கனத்துக் கிடக்கிற பெண்ணின் காதில் அது விசாரிப்பாக விழுவதில்லை. "உன்னால் முடியவில்லை" என்ற தீர்ப்பாகத்தான் விழுகிறது. நாலு பேர் கேட்ட பிறகு அவளே அதைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். ஐந்தாவது ஆள் கடைக்குப் போய் பால் பவுடர் டின் வாங்கி வந்துவிடுகிறார்.

என் தங்கை மகளுக்குப் பிரசவமானபோது இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாளில் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் வந்தாலே பெரிய விஷயம், பிள்ளைக்கும் அவ்வளவுதான் தேவை. அப்புறம் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் பெருகும். சிசேரியன் என்றால் சிலருக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதாவது நம்மில் பாதிப் பேர் வீட்டில் இந்தத் தாமதம் வர வாய்ப்பு இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பொறுமைதான் இல்லை. பிள்ளையின் எடை முதல் சில நாளில் குறைவதும் வழக்கம்தான். பிறந்த எடையில் 7 சதவீதம், சில சமயம் 10 வரைகூடப் போகும். பத்துப் பதினான்கு நாளுக்குள் பழையபடி ஏறிவிடும். இது தெரியாத வீட்டில் தராசு ஒரு பெரிய எதிரி.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து அளக்க முடியாது. நனைந்த துணியை வைத்து அளக்கலாம். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் நிறமில்லாத சிறுநீர் போகிறதா, எடை மெல்ல ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு வீட்டை இரண்டாக்கினாலும் பால் பத்துகிறது என்றுதான் அர்த்தம். ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிப்பது சாதாரணம். சாயங்காலமானால் அரை மணிக்கொரு தடவை மார்பைத் தேடும் பிள்ளைகள் உண்டு. "இப்பத்தானே குடுத்த?" என்று யாராவது கேட்டால், ஆமாம், இப்போதுதான் கொடுத்தாள், மறுபடியும் கொடுப்பாள். பிள்ளை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு சுரக்கும். புட்டிப் பால் வயிற்றை அடைத்துவிட்டால் பிள்ளை மார்பைத் தேடாது, தேடாவிட்டால் சுரப்பு குறையும். "நான் அப்பவே சொன்னேன்ல, பால் பத்தலன்னு" என்று வந்தவர் ஜெயித்துவிடுவார்.

பல வீடுகளில் உண்மையான சிக்கல் பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு உயிர் போகிற வலி, காம்பு வெடிக்கும், பிள்ளைக்கும் பால் வராது. வாயை அகலத் திறந்து கருவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், தாடை மார்பில் பட வேண்டும். இதைக் கூடவே உட்கார்ந்து காட்டித் தர ஒரு செவிலியர் கிடைத்தால் பாதிக் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் அதைச் செய்தவர் ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாதான். பெரிய ஆஸ்பத்திரியில் பில் கட்டும் இடம் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள், இதைத் தவிர.

சரி, வயிறு நிறைந்த பிறகும் அழுதால்? அழும். இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை கூடி, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் அடங்கும். தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விட வைக்கலாம். சட்டையைக் கழற்றிவிட்டு, அம்மாவோ அப்பாவோ நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துப் படுத்துக்கொள்ளலாம். 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், குறைமாதப் பிள்ளைகளுக்காக இந்த முறையைத் தொடங்கினார்கள். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் கங்காரு கவனிப்பு என்று செய்கிறார்கள். ஆட்டுவது, முணுமுணுப்பது, தாலாட்டு எல்லாம் நம் பாட்டிகள் சரியாகவே பிடித்து வைத்திருந்த விஷயங்கள். தூங்கியதும் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், அவ்வளவுதான்.

பாட்டிகள் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, நாக்கில் தேன் தடவுவது, வசம்பைச் சுட்டு உரசிக் கொடுப்பது, உரம் விழுந்துவிட்டது என்று பச்சைப் பிள்ளையைத் துணியில் போட்டு உருட்டுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதுவது. இவை வேண்டாம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேனால் பொட்டுலிசம் என்ற நரம்புப் பாதிப்பு வரலாம். வெயில் காலத்தில் தண்ணீர் தாகம் எடுக்கும் என்று தண்ணீர் தருவார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே தண்ணீரும்தான். தாய்க்குத் தண்ணீர் தராமல் வைக்கும் பத்தியத்தை மட்டும் எந்தப் பாட்டி கண்டுபிடித்தார் என்று தெரிந்தால் நான் ஒரு வார்த்தை கேட்பேன். பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் தாராளமாகத் தாருங்கள், கூடவே ஒரு சொம்புத் தண்ணீரும் வையுங்கள்.

பவுடர் பால் விஷமில்லை. உண்மையிலேயே பால் போதாத தாய்மார்கள் இருக்கிறார்கள், மருத்துவரே சொல்லிப் பவுடர் பால் தர வேண்டிய நிலையும் வரும். அவர்களைக் குத்திக் காட்டுகிறவர்கள் மீதும் எனக்கு இதே கோபம்தான். கொடுப்பதென்றால் டின்னில் போட்ட அளவுப்படிக் கலக்குங்கள். டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் பிள்ளைக்கு ஊட்டம் போதாது. 1992ல் வந்த சட்டம் இந்தியாவில் குழந்தைப் பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. பவுடர் டின்னில் குழந்தைப் படம்கூடப் போட முடியாது. சொந்தக்காரர்களின் வாய்க்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது போலிருக்கிறது.

பிள்ளை சோர்ந்து குடிக்காமல் கிடந்தால், சிறுநீர் குறைந்தால், காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், மஞ்சள் நிறம் கை கால் வரை இறங்கினால் யாரிடமும் கைவைத்தியம் கேட்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். கிரைப் வாட்டர் எந்தக் கம்பெனி என்ற விவாதத்துக்கு அப்போது நேரமில்லை.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. பால் கொடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் உங்களால் முடியும். ராத்திரி துணி மாற்றுவது, ஏப்பம் விட வைப்பது, தோளில் போட்டு நடப்பது, அவளை இரண்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்க விடுவது. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியார் வேலையில் அதுகூடச் சட்டப்படி கிடையாது. கிடைத்தவர்கள் அந்த நாட்களை வந்தவர்களை உபசரிப்பதிலேயே கழித்துவிடுகிறார்கள். வருகிறவர்களைப் பத்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள்தான். முதல் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள்.