மூணு மாசம் சாப்பிட்டுப் பாருங்க

14 வருஷமா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலையில் ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே நாலு பேர் வெறும் வயிற்றோடு படியில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடும் அந்த அரை நிமிஷத்தில் மனுஷனுக்கு எதையாவது பேசியாகணும். மழை பெய்யுமா என்பார்கள், பஸ் கட்டணம் என்பார்கள். இப்போது ரெண்டு மூணு வருஷமாக அதிகம் காதில் விழுவது இதுதான்: "ஒரு மூலிகைப் பொடி சாப்பிடுறேன் தம்பி, எத்தனை நாள்ல கேக்கும்?"

"தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு ஊசியைக் குத்திவிடுவேன். படிச்சது லேப் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. ஆனால் அத்தை விஷயத்துக்குப் பிறகு அப்படித் தப்பிக்க மனசு வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கோங்க.

அத்தைக்கு 61 வயசு. சர்க்கரை வந்து எட்டு வருஷம். மாசாமாசம் 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கே வந்து மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். காசில்லை, அலைச்சல் இல்லை. போன ஆடியில் யூடியூபில் ஒரு விளம்பரம் பார்த்து, நம்பரைப் போட்டு, மூணு டப்பா பொடி வரவழைத்தாள். 'மெட்டபாலிக் ஹெல்த்'துக்கான, அதாவது உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் சரியாகக் கையாள்வதற்கான மூலிகைக் கலவை. ஆவாரம்பூ, வெந்தயம், நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான், மரமஞ்சள் என்று டப்பாவில் படம் படமாகப் போட்டிருந்தது. மூணு மாசக் கோர்ஸ், விலை ஏழாயிரத்துச் சொச்சம். கம்பெனி பேர் வேண்டாம், ஒன்று போனால் இன்னொன்று.

பன்னிரண்டாம் நாள் லேபுக்கு வந்தாள். வெறும் வயிற்றில் 134. பொடி ஆரம்பிக்கும் முன்னால் 172. "பாத்தியாடா, நீதான் மூலிகைன்னா மூஞ்சியச் சுளிப்ப" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டப்பாவோடு வந்த தாளை வாங்கிப் படித்தேன். ராத்திரிச் சோறு கூடாது, ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடிக்கணும், காபியில் சீனி கூடாது, தினமும் 40 நிமிஷம் நடக்கணும். அத்தை அத்தனையையும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி செய்திருக்கிறாள். ஏழாயிரம் கொடுத்தவள் செய்யாமல் இருப்பாளா? அந்தத் தாளை மட்டும் தனியாக விற்றிருந்தாலும் 172 இறங்கியிருக்கும்.

நான் மறுபடி மறுபடி பார்ப்பது இதைத்தான். சாப்பாட்டை மாற்றினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை சில நாளிலேயே அசையும். டெஸ்டுக்கு முந்தின ராத்திரி பட்டினி கிடந்து என்னை ஏமாற்றுகிறவர்களே உண்டு. அதனால் முதல் ரெண்டு வாரத்து நம்பரை வைத்துப் பொடி கேட்டதா, நடை கேட்டதா என்று யாராலும் பிரிக்க முடியாது. போதாததற்கு, நாம் புது மருந்தைத் தேடுவதே சர்க்கரை உச்சத்தில் நிற்கும் நேரத்தில்தான். உச்சத்தில் இருப்பது பாதி நேரம் தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தின் பெயர் அப்போது கையில் இருக்கும் டப்பாவுக்குப் போய்விடும்.

ஏமாற்ற முடியாதது ஊதா மூடிக் குழாய்தான். அன்றைய சர்க்கரைக்குச் சாம்பல் மூடி, ஹெச்பிஏ1சி என்கிற சராசரிச் சர்க்கரைப் பரிசோதனைக்கு ஊதா மூடி. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த ஆயுசு முழுக்க ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை அதன் மேல் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த ரெண்டு மூணு மாசக் கணக்கு கிடைத்துவிடும். 7 சதவீதம் என்று வந்தால் சராசரிச் சர்க்கரை சுமார் 154, 9 என்றால் சுமார் 212. ஒரு ராத்திரிப் பட்டினியால் இதை அசைக்க முடியாது. ரத்தசோகை இருந்தால் இதுவும் தடுமாறும், இரும்புச்சத்துக் குறைவில் இல்லாத உயரம் காட்டும். அதனால்தான் பெண்கள் வந்தால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்லுவேன், பில்லை ஏற்றுகிறான் என்று திட்டும் வாங்குவேன்.

ஆக, 'மூணு மாசம்' என்கிற கணக்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது சிவப்பணுவின் கணக்கு, பொடியின் கணக்கு இல்லை. மெட்ஃபார்மின் கூட ஒன்று ரெண்டு வாரத்திலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் குறைக்க ஆரம்பித்துவிடும். அந்த வேலை முழுசாக ஹெச்பிஏ1சி-யில் தெரியத்தான் மூணு மாசம். விற்கிறவர்கள் இதைத் திருப்பிப் போட்டு, மூணு மாசம் வரைக்கும் கேள்வி கேட்காதே என்று ஆக்கிவிட்டார்கள். மூணு மாசம் கழித்துப் போன் பண்ணினால் "உங்களுக்கு எட்டு வருஷத்துச் சர்க்கரைம்மா, கழிவு வெளியேறவே இன்னும் மூணு மாசம் ஆகும்" என்று பதில் வரும். அத்தைக்கு வந்தது.

இதற்காக மூலிகை எல்லாம் சும்மா என்று நான் சொன்னதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஐரோப்பாவில் வளரும் ஒரு செடிதான். கலேகா என்று பெயர். அதன் சத்திலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் வழியில் வந்ததை 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்கிற மருத்துவர் சர்க்கரைக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்.

நம்ம சிறுகுறிஞ்சானை எடுங்கள். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வோம். ஒருமுறை சிறுமலைக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவர் ரெண்டு இலையைப் பறித்து மென்று தின்னச் சொல்லி, பிறகு ஒரு சிட்டிகைச் சீனியை நாக்கில் போட்டார். மணலைத் தின்ற மாதிரி இருந்தது. இனிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. அரை மணி கழித்துத்தான் நாக்கு பழைய நிலைக்கு வந்தது. பார்க்கிறவனுக்கு, நாக்கில் கொன்றது ரத்தத்திலும் கொல்லும் என்று தோன்றத்தான் செய்யும். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் இலைச்சாற்றுச் சத்தை 22 சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1990-ல் வெளியிட்டார்கள். தினம் 400 மில்லிகிராம், வழக்கமான மாத்திரையோடு சேர்த்து. எத்தனை நாள் தெரியுமா? 18 முதல் 20 மாசம். அதில் அஞ்சு பேருக்கு மாத்திரையை நிறுத்த முடிந்தது. ஆள் எண்ணிக்கை சின்னது, அதை வைத்துக் கொடி பிடிக்க முடியாது. ஆனால் கொடி பிடிக்கிறவர்கள் யாராவது அந்த இருபது மாசத்தைச் சொல்கிறார்களா? 'மாத்திரையோடு சேர்த்து' என்பதைச் சொல்கிறார்களா?

வெந்தயமும் இப்படித்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய ஆய்வொன்றில் பத்தே நாளில் சர்க்கரை குறைந்தது. கொடுத்த அளவு தினம் 100 கிராம் மாவு! வெந்தயத்தின் நார் குடலில் வழவழவென்று படிந்து சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும், அதற்கு மாசக்கணக்கு தேவையில்லை, அந்த வேளைச் சாப்பாட்டிலேயே வேலை செய்யும். ஆனால் அத்தையின் டப்பாவில் போட்டிருந்தது வேளைக்கு ஒரு டீஸ்பூன், அதையும் அஞ்சு மூலிகை பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் என்பதற்கு முன்னால் எத்தனை கிராம் என்று கேட்டிருக்கணும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றின் அளவும் தனியாக எழுதவில்லை.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் என்கிற சத்துக்கு இதைவிடத் தெளிவான ஆய்வுகள் உண்டு. சீனாவில் நடந்து 2008-ல் வெளியான ஒன்றில் தினம் மூணு வேளை 500 மில்லிகிராம், மூணு மாசத்தில் ஹெச்பிஏ1சி 9.5-லிருந்து 7.5. ஆனால் அது பிரித்தெடுத்த சுத்தமான பெர்பெரின், கலவைப் பொடியில் சிட்டிகையாக விழுவது இல்லை. குடம்புளி மாத்திரை தின்றால் எடை குறையும் என்பதை அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அது 1998. இன்னமும் விற்கிறது.

மெதுவாகக் கேட்கும் பொடியைவிட எனக்குப் பயம் சீக்கிரம் கேட்கும் பொடிதான். மூணே நாளில் 250 இருந்தது 120 ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் வயிற்றைக் கலக்கும். 2008-ல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், சர்க்கரை அபாயமாக இறங்கி ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். திருட்டுத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளிலும், கூடவே சில மூலிகை மருந்துகளிலும் கிளிபென்கிளமைடு என்கிற இங்கிலீஷ் சர்க்கரை மாத்திரையைக் கலந்திருந்தார்கள். நாலு பேர் இறந்துபோனார்கள். உங்கள் பொடி ஒரே வாரத்தில் அற்புதம் பண்ணினால், உள்ளே இருப்பது மூலிகைதானா என்பதே முதல் சந்தேகமாக இருக்கணும்.

சித்த மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மண்டலம், 48 நாள் என்று அவர்கள் சொல்வதில் ஒழுங்கு இருக்கிறது. நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, எதில் கலந்து குடிக்கணும் என்று அனுபானம் சொல்லி, நடுவில் வரச்சொல்லிப் பார்ப்பார்கள். தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த நிறுவனத்துக்குப் போனால் அங்கேயும் ரத்தப் பரிசோதனை எழுதித்தான் தருகிறார்கள். போனில் விற்கிற பையனுக்கு நாடியும் தெரியாது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் தெரியாது. இதில் இன்னொரு கூத்து, சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் தடுத்துவிட்டது. அதனால்தான் டப்பாவில் 'மெட்டபாலிக் ஹெல்த்' என்று வழுக்கலாகப் போட்டுக்கொள்கிறார்கள். அதே டப்பாவின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று இருக்கும். சர்க்கரை குணமாகும் என்பதெல்லாம் போனில் மட்டும்தான்.

மெட்டபாலிக் ஹெல்த்தை எந்தக் குழாயில் பிடிப்பது, சொல்லுங்கள். இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு, பிரஷர். இந்த அஞ்சில் எது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு மாறும் என்று விற்கிறவரிடம் கேளுங்கள். மாறவில்லையென்றால் என்றைக்கு நிறுத்துவது என்பதையும் முதல் ஸ்பூன் போடும் முன்பே எழுதிவையுங்கள். அவர் சொல்லமாட்டார். நீங்களாவது காலண்டரில் குறித்துவையுங்கள்.

அத்தை கதைக்கு வருகிறேன். மூணாம் வாரத்தில் போன்காரன் "மாத்திரையும் பொடியும் சேந்தா மோதும்மா, மாத்திரைய மெல்ல விட்ருங்க" என்றிருக்கிறான். எங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டாள். ரெண்டாம் மாசம் மழை, நடை நின்றது. தீபாவளி வந்தது, அதிரசம் வந்தது. மூணு மாசம் முடிந்த அன்று நானே ஊதா மூடிக் குழாயில் எடுத்தேன். ஆடியில் 8.1. இப்போது 9.4. மெஷின் மேல் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன். அதே 9.4.

தாளை அவளிடம் கொடுக்கவே கை வரவில்லை. வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "அப்ப அந்த பன்னெண்டாம் நாள் வந்துச்சே, அது என்னடா?" என்றாள்.

"அது நீ நடந்த நடை அத்தே" என்றேன்.

டாக்டரைப் பார்த்தாள், மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள். காலையில் ஆவாரம்பூ டீ மட்டும் குடிக்கிறாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. அடுத்த ஊதா மூடி மாசி கடைசியில். அவளே தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியை மடித்து வைத்திருக்கிறாள். மூணு டப்பாவில் ஒன்று பிரிக்காமலே இருந்தது. "தம்பி, இத வேற யாருக்காச்சும் குடுத்துரவா?" என்று கேட்டாள். வாங்கி லேப் அலமாரியில் வைத்திருக்கிறேன். எத்தனை நாளில் கேக்கும் என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு.