தன்பாட்டில் வெட்டுமாம்

கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் மரப்பட்டறை. கணினி சொல்லும் பாதையில் மரம் வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தில் பலகையை ஏற்றிப் பொத்தானை அமுக்கிவிட்டு, தம்பி தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறான். கேட்டால், "அது தன்பாட்டில் வெட்டும் அண்ணா!"

வெட்டும்தான். நேற்று கவ்வி தளர்ந்து பலகை நகர்ந்துவிட்டது. மழுங்கிய அலகு வெட்டாமல் உரசிக்கொண்டே ஓடியது. நான் போய்ப் பார்த்தபோது பள்ளத்தின் விளிம்பு முழுக்கக் கரி, உள்ளே சிவப்பாக ஒரு கங்கு. அதைத் தூசி உறிஞ்சும் குழாய் இழுத்திருந்தால்? பை நிறைய மரத்தூள். ஊதிவிடக் காற்றும் தயார்.

அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கிறதாம். அதை யார் அமுக்குவது, பட்டறைப் பூனையா? இயந்திரத்துக்குப் புகை மணக்காது. சொன்ன பாதையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்றும் கதிரை காலி. மேசையில் பாதி கடித்த மாலு பணிஸ் மட்டும் காவலுக்கு இருக்கிறது.