மாவுக்கட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம்

போன வாரம் அக்கா மகன் செல்போனை நீட்டினான். கையில் மாவுக்கட்டோடு ஒரு பையன் படம். கீழே 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாப்ல' என்று எழுதி, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பிடித்த ஆளை அடித்துக் கையை உடைத்துவிட்டு போலீஸ் சொல்லும் கதை அது. "போலீஸ் இப்படித்தான் மாமா செய்யணும்" என்றான். என்ன கேஸ் என்று கேட்டேன். தெரியவில்லை.

எனக்கு மடப்புரம் ஞாபகம் வந்துவிட்டது.

மதுரைப் பக்கம் மடப்புரம் காளியைத் தெரியாதவர்கள் குறைவு. பொருளைப் பறிகொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் திருப்புவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் தப்பு செய்தவனை அவளே தண்டிக்கட்டும் என்று அவள் முன்னால் காசு வெட்டிப் போடுவார்கள். எங்கள் அப்பத்தாவும் ஒருமுறை வெட்டிப் போட்டது. தோடு காணாமல் போனதில் அதற்கு ஒருத்தர் மேல் சந்தேகம் உண்டு. ஆனாலும் சாகும்வரை பேர் சொல்லவில்லை. "எடுத்தது யாருன்னு அவளுக்குத்தான் தெரியும், நான் எதைக் கண்டேன்" என்று முடித்துவிடும்.

அதே கோயிலில்தான் 2025 ஜூனில், காரில் வைத்த நகையைக் காணோம் என்ற புகாருக்காக, 27 வயதுக் காவலாளியை விசாரணை என்ற பெயரில் போலீஸ் அடித்தே கொன்றது. உடலில் 40க்கும் மேற்பட்ட காயங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கொதித்துப்போய்க் கேள்வி கேட்டது. வழக்கு சிபிஐக்குப் போனது. அன்றைக்கு நாம் எல்லோரும் அழுதோம். சரி, அதற்கு முந்தின வாரம் என்ன பகிர்ந்துகொண்டிருந்தோம்? மாவுக்கட்டுப் படங்களைத்தான்.

சினிமாவைத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படத்தில் வில்லன் செய்யும் கொடுமையை முதல் பாதியிலேயே நம் கண்ணுக்குக் காட்டிவிடுகிறார்கள். அதனால் நாயகன் அவனைச் சுடும்போது கூசாமல் விசில் அடிக்கிறோம். வெளியே அந்த முதல் பாதியைப் பார்த்தவர் யாரும் இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் சாட்சி, குறுக்கு விசாரணை, கோர்ட் எல்லாம். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்து கொன்றதாகப் பிடித்த நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரர்கள் மேல் பூத் தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல் சொன்னது. தூவிய பூவை யார் திரும்ப அள்ளுவது?

"நம்ம வீட்டுப் பொண்ணுக்கு நடந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று அக்கா மகன் கேட்டான். நியாயமான கோபம். வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுக்கிற வழக்குகளைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்துத் தகப்பனும் மகனும் 2020இல் செத்தார்களே, அந்த வழக்கும் இதே மதுரையில் வருஷக்கணக்காக இழுத்தது. கோர்ட்டை வேகப்படுத்து என்று கேட்டால் நானும் கூட நிற்கிறேன். கோர்ட்டே வேண்டாம் என்றால், அடுத்து எந்தப் பிள்ளையைத் தூக்கினாலும் ஏன் என்று கேட்க ஓர் இடம் இருக்காது.

அந்தப் பையன் மேல் என்ன கேஸ் என்று கண்டுபிடித்துச் சொல், அப்புறம் பேசுவோம் என்றேன். நாலு நாளாகிறது. பையனின் பேர்கூட அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.