சாவியை வாங்குங்கள், பெயரை விடுங்கள்

போன தை மாதம் ஒரு ராத்திரி, கோபத்தில், கடற்கரையில் குப்பை பொறுக்குகிற எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து 27 பேரை நீக்கினேன். மூன்று மாதமாக ஒரு ஞாயிறுகூட எட்டிப் பார்க்காதவர்கள். 71 பேர் இருக்கிற குழுவில் ஆறு பேர் மட்டும் குனிந்து நிமிர்ந்தால் முதுகும் வலிக்கும், மனசும் வலிக்கும். நீக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் ஒரு போன். "அண்ணே, என்னைய எதுக்குத் தூக்குனீங்க?"

விசைப்படகில் போகிற பையன். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சனிக்கிழமை கடலுக்குப் போகிறவன் ஞாயிறு காலை மீன் இறக்கிக்கொண்டிருப்பான். நாங்கள் கூடுவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு! மாதச் சம்பளக்காரர்கள் உட்கார்ந்து போட்ட நேரம் அது. கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார்களுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கரையில் நிற்க முடியாது. இதை யோசிக்காமல் நான் அட்மின் வேலை பார்த்திருக்கிறேன். அறுந்த வலை எங்கே மிதக்கிறது, எந்தக் கரையில் ஆமை செத்து ஒதுங்கியிருக்கிறது என்று எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்பவன் அந்தப் பையன்தான். குழுவில் ஒரு வார்த்தை எழுத மாட்டான், அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் வராதவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? அதுவும் இல்லை.

எங்கள் சாக்கு, கையுறை, மண்வாரியெல்லாம் வைத்திருக்கிற கொட்டகையின் சாவி ஒரு நண்பரிடம் இருந்தது. தங்கமான மனுஷர். புதிதாகக் கடை போட்டார், வருவது நின்றுபோனது. சாவியைக் கேட்டால் மனசு நோகுமே என்று யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு ஞாயிறு பூட்டின கதவுக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றோம். வங்கிக் கணக்கிலும் இதே கதை. இரண்டு கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் சபருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போய்விட்டார். பணம் கணக்கில் இருக்க, ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டுக் கையுறை வாங்கினோம்.

கடலாமை முட்டையிட்ட தடம் தேடி ராத்திரி கரையில் நடக்கிற ஆமை நடையில் இது இன்னும் மோசம். பங்குனி ஆமை என்று பெயர் இருந்தாலும் தையிலேயே முட்டையிட வர ஆரம்பித்துவிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர், நாமாகத் தொடக்கூடாது. தடம் பார்த்து வனத்துறைக்குச் சொல்வதுதான் நம் வேலை, முட்டையைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவது அவர்கள் பாடு. பெரியபட்டினம் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு ஒருவர் பெயர் எழுதியிருந்தது. ஆளைக் காணோம், ஆனால் பெயர் இருந்ததால் வேறு யாரும் அங்கே நடக்கவில்லை. விடிந்து பார்த்தால் நாய் தோண்டிய குழியும் முட்டை ஓடும்தான். காலி என்று எழுதியிருந்தால் நானாவது போயிருப்பேன். வராத ஆளால் அந்தக் குழி போகவில்லை. பட்டியலில் நின்ற அவர் பெயரால் போனது.

அதனால் இப்போது இரண்டையும் பிரித்துவிட்டோம். பொறுப்பு வேறு, உறுப்பினர் என்பது வேறு. சாவி, கையெழுத்து, நடைப்பகுதி எதுவானாலும் ஒரு பருவத்துக்கு மட்டும். சொல்லாமல் இரண்டு தடவை வராவிட்டால் ஒருவர் போன் போடுவார், மெசேஜ் இல்லை, போன். முதலில் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். அப்புறம், வேலையை வேறு ஆளிடம் கொடுக்கட்டுமா என்பார். பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சுதான் கேட்கிறது. அவரும் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பெயர் குழுவிலேயே இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது, எல்லாருக்கும் ஒரு சுற்று போன் போடுகிறோம்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கரைவலையில கயிறு பிடிச்சவனுக்குத்தாம்பா பங்கு" என்றார். ஊர் கூடிக் கரைக்கு இழுக்கிற வலை அது, நியாயம்தான். ஆனால் நம்மிடம் பிரிக்க என்ன பங்கு இருக்கிறது? குப்பைச் சாக்குதானே!

ஒரே ஒரு வகையை மட்டும் யோசிக்காமல் நீக்குவேன். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாளன்று குழுச் சட்டையோடு படம் எடுத்து, அதைக் காட்டி ஊரில் நன்கொடை கேட்கிறவர்கள். கல்யாண ஃபிளெக்ஸில் 'சமூக ஆர்வலர்' என்று போட்டுக்கொள்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வசூலைப் பொறுக்க முடியாது.

நீக்கிய 27 பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். 19 பேர் திரும்பச் சேர்ந்தார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள், அதில் இருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இந்த வாரம் வெள்ளி மாலை, அஸர் தொழுகை முடிந்து ஐந்து மணிக்குச் சீனியப்பா தர்கா கரையில் கூடுகிறோம். விசைப்படகுக்காரர்களும் அன்று கரையில்தான் இருப்பார்கள். கொட்டகைச் சாவி பாசி எடுக்கிற அக்கா ஒருவரிடம் இருக்கிறது, பங்குனி வரைக்கும்.