பின்வாசல் வழியாகப் போன ஓவியர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1986-ல் கிளமென்டீன் ஹன்டருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு நூறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் ஊர் வாழ்க்கையை வரைந்த ஒரு கிழவியை உள்ளூர்ப் பல்கலைக்கழகமே கூப்பிட்டுக் கௌரவித்தது என்று படித்தபோது மனசு நிறைந்துபோனது. அப்புறம்தான் 1955-ல் நடந்தது தெரிய வந்தது.

அதே கல்லூரியில் அந்த வருடம் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். இனப் பிரிவினைச் சட்டங்கள் இருந்த காலம். வெள்ளையர்கள் வந்து பார்க்கும் நேரத்தில் கறுப்பினப் பெண்ணான அவர் உள்ளே போக முடியாது. கூடம் மூடியிருந்த நேரமாகப் பார்த்து, தெரிந்தவர் ஒருவர் பின்வாசல் வழியாக அழைத்துப்போய், அவர் வரைந்த படங்களை அவருக்கே காட்டினார்.

பட்டம் கொடுத்த கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பின்வாசலையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நல்ல நாளில் பழையதைக் கிளறாதே என்பார்கள். ஆனால் அந்தம்மா வரைந்ததே அந்தப் பழையதைத்தானே!

கேன் ஆற்றங்கரையில் மெல்ரோஸ் என்ற பருத்தித் தோட்டம். சின்ன வயதிலேயே அங்கே பருத்தி எடுக்க வந்தவர், பிறகு பண்ணை வீட்டில் சமையலும் வீட்டுவேலையும் பார்த்தார். அந்த வீட்டுக்கு எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்து தங்குவது வழக்கம். அப்படி வந்த ஓவியர் ஒருவர் விட்டுப்போன வர்ணங்களை எடுத்துத்தான் வரைய ஆரம்பித்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒரு பழைய ஜன்னல் திரை, அட்டை, பாட்டில், எது கிடைத்தாலும் அதில் வரைந்தார். பகல் முழுக்க வேலை, வரைவதெல்லாம் ராத்திரியில். ஆரம்பத்தில் ஒரு படம் 25 சென்ட்டுக்குப் போனது. கடைசிக் காலத்தில் ஆயிரக்கணக்கான டாலர்.

அந்தப் படங்களை நான் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பருத்தி எடுப்பது, துணி வெளுப்பது, பீக்கன் கொட்டை பொறுக்குவது, ஆற்றில் ஞானஸ்நானம், கல்யாணம், சவ ஊர்வலம், சனிக்கிழமை ராத்திரிக் கூத்தும் சண்டையும். பல படங்களில் பெண்கள் பெரிதாக இருப்பார்கள், ஆண்கள் சின்னதாக. தூரம், கிட்டம் என்ற கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது. பருத்தி வண்டியை ஒரு பிரம்மாண்டமான கோழி இழுத்துக்கொண்டு போகும். இதைக் 'குழந்தைத்தனம்' என்று சொல்லிக் கடந்துபோவது எனக்குச் சம்மதமில்லை. பண்ணை வீட்டு வரலாறு முதலாளிகளின் கடிதங்களிலும் கணக்குப் புத்தகங்களிலும் கிடைக்கும். மூட்டையைத் தோளில் இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்தவள் எதையெல்லாம் பெரிதாக நினைத்தாள் என்பது இந்தப் படங்களில்தான் இருக்கிறது. பருத்தி எடுப்பதைவிட வரைவது கஷ்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பருத்தி செடியிலேயே இருக்கிறது, பறித்தால் போதும், படத்துக்கு மூளை வியர்க்க வேண்டுமாம். இரண்டையும் செய்தவர் சொன்னது அது.

அக்டோபர் 1-ஐ அவர் பெயரில் ஒரு நாளாக லூசியானா வைத்திருக்கிறது. சரி, நல்ல விஷயம். அவர் குடியிருந்த சின்ன வீட்டை மெல்ரோஸிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊர் அவருக்குச் செய்த பெரிய மரியாதை என்று நான் சொல்வது வேறொன்றை.

தோட்டத்தில் 'ஆப்பிரிக்கன் ஹவுஸ்' என்று ஒரு பழைய கட்டடம் உண்டு. அதன் மாடிக்காக 1955-ல் ஒன்பது பெரிய ப்ளைவுட் பலகைகளில் கேன் ஆற்று வாழ்க்கை முழுவதையும் வரைந்து கொடுத்தார். அப்போது 68 வயது. ஆமாம், கல்லூரிக்குள் முன்வாசல் வழியாகப் போக முடியாத அதே வருடம்தான். பின்னாளில் அந்தப் பலகைகள் பழுதானபோது கழற்றிக் கொண்டுபோய்ச் சீரமைத்தார்கள். ஏதாவது பெருநகர அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் மாட்டிவிடவில்லை. அதே மாடிக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் படியேறிப்போய்ப் பார்க்கலாம்.