வெனிஸ்: பாஸ் வாங்குமுன் ஒரு கணக்கு

வெனிஸில் இரண்டு நாள் பயணத்துக்கு 72 மணி நேரப் படகு பாஸ் எடுக்கச் சொல்கிறது ஒரு பயணக் கட்டுரை. வீண் செலவு. வாப்பரெட்டோ எனப்படும் நகரப் பொதுப் படகில் ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும்; 24 மணி நேர பாஸ் 25 யூரோ. மூன்று தடவையாவது ஏறினால்தான் கட்டுப்படியாகும். நேரம் ஓடத் தொடங்குவது வாங்கியபோது அல்ல, படகுத்துறை இயந்திரத்தில் முதல்முறை காட்டும்போது. மதியம் தொடங்கினால் மறுநாள் காலை முரானோ, புரானோ தீவுகளுக்கும் அதுவே போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் காட்டிவிட்டு ஏறுங்கள். பாஸ் கையில் இருந்தாலும் அபராதம் விழலாம். விமான நிலையத்துக்குப் போகும் அலிலகூனா படகில் இது செல்லாது.

பெட்டி விஷயம் அந்தக் கட்டுரையில் இல்லவே இல்லை. பாலங்கள் பெரும்பாலும் படிக்கட்டுதான், சக்கரம் இருந்தும் தூக்கத்தான் வேண்டும். முதுகுப்பை உத்தமம்.

விடுதி முகவரியும் ஏமாற்றும். ‘கன்னாரெஜ்ஜோ 3500’ என்பதில் தெருப் பெயரே கிடையாது. அந்தப் பேட்டை முழுவதற்கும் ஒரே எண் வரிசை. அருகிலுள்ள படகுத்துறை எது, அங்கிருந்து எத்தனை பாலம் என்று விடுதியிலேயே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் மெஸ்த்ரேயில் இறங்கிவிட வேண்டாம், அது நிலப்பகுதி. கடைசி நிலையமான சாந்தா லூச்சியாவில் இறங்கினால் வாசலிலேயே பெருங்கால்வாய்.